பவர் பிஐ கஸ்டம் விஷுவலில் அட்டவணை மேப்பிங்: அணை நீர்மட்டப் பட்டியலை வைத்து ஒரு முழு வழிகாட்டி

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் காலையில் பேப்பரைப் பிரித்ததும் பலருடைய கண் முதலில் போவது அணை நிலவரத்துக்குத்தான். பாபநாசம் எத்தனை அடி, சேர்வலாறு எத்தனை, மணிமுத்தாறு எத்தனை. வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு. கார் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா, அடுத்த நெல் பருவமான பிசானத்துக்குத் தாங்குமா என்பதெல்லாம் அந்த நாலைந்து வரிகளில் இருக்கிறது. இந்தப் பட்டியலை வைத்தே, தரவைப் படங்களாகக் காட்டும் மைக்ரோசாஃப்ட் கருவியான பவர் பிஐயில் சொந்தமாக ஒரு விஷுவல் (தரவைக் காட்டும் படம்) செய்து, அதற்குள் அட்டவணைத் தரவை எப்படிக் கொண்டுவருவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

விஷுவலை வரைவதைப் பற்றி இதில் அதிகம் பேசப்போவதில்லை. வட்டமோ கம்பமோ வரைய ஒரு நாள் போதும். தரவு தப்பாக வந்து சேர்ந்தால் அதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும். எனக்கு ஆகியிருக்கிறது.

## முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு வாக்கியத்தை எழுதி முடியுங்கள்: "என் அட்டவணையில் ஒரு வரி என்பது..." நமக்கு அது "ஓர் அணையின் ஒரு நாள் நிலவரம்". அவ்வளவுதான். இதற்குள் மழை அளவையும் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். சேர்க்காதீர்கள். மழை அணைவாரியாக வருவதில்லை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை, நாங்குநேரி என்று மழைமானி இருக்கும் இடங்கள்வாரியாக வருகிறது. அங்கே ஒரு வரி என்பது "ஓர் இடத்தின் ஒரு நாள் மழை". இரண்டையும் ஒரே விஷுவலுக்குள் திணித்தால் ஒவ்வோர் அணை வரியும் பல தடவை திரும்ப வரும், அல்லது கூட்டல் பெருத்துப்போகும். இரண்டு விதமான வரி என்றால் இரண்டு விஷுவல்.

அடுத்து, அந்த ஒரு வரியை மற்ற வரிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது எது என்று எழுதுங்கள். நமக்கு அணை, நாள் இரண்டும் சேர்ந்தால் போதும். மாவட்டத்தின் பெயரை இதற்கு நம்ப வேண்டாம். கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் அணைகள் 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அந்தப் பக்கம் போய்விட்டன. அதற்கு முன்பு 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது. "திருநெல்வேலி" என்று ஒரே பெயர் எழுதியிருந்தாலும் 2018-க்கும் 2020-க்கும் அது ஒரே நிலப்பரப்பு இல்லை. அணைப் பெயர் மாறுவதில்லை, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

## கருவிகள்

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓடவைக்கும் நோட் ஜேஎஸ் நிறுவி, அதன் பொதி மேலாளர் வழியாகப் பவர் பிஐ விஷுவல் கருவியை நிறுவ வேண்டும். கட்டளையின் பெயர் பிபிஐவிஸ். பி, பி, ஐ, வி, ஐ, இசட் என்று எழுத்துக்கூட்டி வரும். அதோடு நியூ என்று சேர்த்து விஷுவலின் பெயரைக் கொடுத்தால் ஒரு கோப்புறை முழுக்கத் தயாராகும். ஸ்டார்ட் கொடுத்தால் உங்கள் கணினியிலேயே ஓடும். பவர் பிஐ அமைப்புகளில் டெவலப்பர் மோடைத் திறந்து வைத்தால் விஷுவல் பட்டியலில் டெவலப்பர் விஷுவல் என்ற ஐகான் வரும். முதல் தடவை சான்றிதழ் நிறுவச் சொல்லும். அதைத் தவிர்த்தால் விஷுவல் வெறுமையாகவே நிற்கும்.

நமக்கு வேண்டியவை இரண்டே கோப்புகள். ஒன்று கேப்பபிலிட்டீஸ் ஜேசன்: எனக்கு என்ன தரவு வேண்டும் என்று விஷுவல் கேட்கும் இடம். இன்னொன்று டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் இருக்கும் விஷுவல் கோப்பு: வந்த தரவை வாங்கும் இடம்.

## உங்கள் அட்டவணை அப்படியே வராது

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். எக்செலில் 365 வரி இருந்தால் விஷுவலுக்கும் 365 வரி வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். பவர் பிஐ உங்கள் அட்டவணையைத் தூக்கிக் கொடுப்பதில்லை. பயனர் எந்தெந்தப் பத்தியை (நெடுவரிசையை) எந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறார் என்று பார்த்து, அதிலிருந்து ஒரு கேள்வியை உருவாக்கி, தரவு மாடலிடம் கேட்டு, அதற்கு வந்த பதிலைத்தான் அட்டவணையாக அனுப்புகிறது. கேள்வி மாறினால் வரி மாறும்.

இதை நான் புரிந்துகொண்டது ஒரு வாழைத்தார் கமிஷன் மண்டிக்கு டாஷ்போர்டு செய்தபோது. ஒவ்வொரு சீட்டையும் ஒரு சின்னக் கட்டமாகக் காட்டும் விஷுவல் அது. விவசாயி பெயர், ரகம், தார் எண்ணிக்கை, விலை என்று நான்கு பத்தி. முதல் நாள் மாலையே மண்டிக்காரர் போன் செய்தார்: "தம்பி, எங்க சிட்டைல 61 சீட்டு இருக்கு, ஒங்க படத்துல 58தான் வருது. மூணு எங்க போச்சு?"

இரவு முழுக்க என் நிரலைத் தேடினேன். நிரலில் தப்பே இல்லை. களக்காட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் காலையில் ஒரு வண்டி, மதியம் ஒரு வண்டி என்று ஏத்தன் ரக வாழை இறக்கியிருந்தார். இரண்டு தடவையும் 20 தார், ஒரே விலை. நான்கு பத்தியிலும் ஒரே மதிப்பு என்றால் பவர் பிஐக்கு அது ஒரே வரி. இப்படி மூன்று ஜோடி சேர்ந்து மூன்று வரி காணாமல் போயின. தார் எண்ணிக்கைக்கு "சம்மரைஸ் செய்யாதே" (கூட்டாமல் அப்படியே காட்டு) என்று வேறு அமைத்திருந்தேன், அதனால் மொத்தத் தாரும் குறைந்துவிட்டது. கூட்டு என்று விட்டிருந்தால் மொத்தம் சரியாக வந்திருக்கும், ஆனால் 20 தார் சீட்டு இரண்டுக்குப் பதில் 40 தார் சீட்டு ஒன்று என்று காட்டியிருக்கும். ஒரு விவசாயிக்கு அவருடைய சீட்டைக் காட்டும் இடத்தில் அதுவும் பொய்தான்.

தீர்வு எளிது: சீட்டு எண்ணை ஐந்தாவது பத்தியாகக் கேட்பது. சீட்டு எண் தினமும் ஒன்றிலிருந்து தொடங்கும் கடை என்றால் தேதியும் சேர வேண்டும். திரையில் காட்ட வேண்டாம், ஆனால் கேள்வியில் இருக்க வேண்டும். அணைப் பட்டியலுக்கும் இதே விதிதான்: அணை, நாள் இரண்டும் இல்லாமல் விஷுவல் வரையக்கூடாது.

## டேட்டா ரோல்: என்ன வேண்டும் என்று சொல்வது

கேப்பபிலிட்டீஸ் கோப்பில் டேட்டா ரோல்ஸ் என்ற பட்டியல் இருக்கும். பயனர் பத்திகளை இழுத்துப் போடும் கட்டங்கள் இவைதான். ஒவ்வொன்றுக்கும் நேம், டிஸ்ப்ளே நேம், கைண்ட் மூன்றும் வேண்டும். நேம் நிரலுக்கானது, சிறிதாக, இடைவெளி இல்லாமல், ஆங்கில எழுத்தில் வையுங்கள். டிஸ்ப்ளே நேம் பயனர் பார்ப்பது. அதைத் தமிழிலேயே எழுதலாம், நன்றாகவே தெரியும். நம் விஷுவலுக்கு ஆறு ரோல்: நாள், அணை, நீர்மட்டம், முழு உயரம், வரத்து, வெளியேற்றம்.

கைண்ட் என்பதில் நிதானம் வேண்டும். குரூப்பிங் என்றால் அந்தப் பத்தி வரியைப் பிரிக்கும். மெஷர் என்றால் அது கூட்டியோ சராசரியாகவோ வரும் எண். குரூப்பிங் ஆர் மெஷர் என்றால் பயனர் எதைப் போடுகிறாரோ அதற்கேற்ப இரண்டில் ஒன்று. சோம்பலாக எல்லாவற்றுக்கும் மூன்றாவதைப் போடுவது வழக்கம். எனக்கு அது பிடிக்காது. விஷுவல் செய்பவர் எடுக்க வேண்டிய முடிவைப் பயனர் தலையில் கட்டுவது அது.

நாள், அணை இரண்டும் குரூப்பிங். நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றும் மெஷர். முழு உயரம்? எண்தானே, மெஷர் என்று போட்டுவிடத் தோன்றும். பாபநாசத்தின் முழு உயரம் 143 அடி. பயனர் நாளுக்குப் பதில் மாதத்தைப் போட்டார் என்று வையுங்கள். எண் பத்திகளைப் பவர் பிஐ வழக்கமாகக் கூட்டும். 30 நாள் மாதத்தில் பாபநாசம் அணை 4,290 அடி உயரத்துக்கு நிற்கும். முழு உயரம் அணையோடு ஒட்டிய குணம், அளந்து வருவது அல்ல. ஆகவே அது குரூப்பிங். சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று அந்தந்த அணைக்கு ஒரே மதிப்பு என்பதால் வரி எண்ணிக்கை கூடாது. நீர்மட்டத்துக்கு மெஷர் சரி என்றாலும் கூட்டு சரியில்லை. நாள் அளவில் ஒரு வரிக்கு ஓர் அளவே இருப்பதால் பிழை தெரியாது, மாதத்துக்குப் போனால் தெரிந்துவிடும். அதற்கு மாடலிலேயே அந்தப் பத்தியின் இயல்பான கணக்கை சராசரி என்று மாற்றி வையுங்கள்.

ரிக்வயர்டு டைப்ஸ் என்று ஒன்று உண்டு. நாள் ரோலுக்குத் தேதி வகை மட்டுமே வரலாம் என்று அதில் எழுதிவைத்தால், எழுத்தாகச் சேமிக்கப்பட்ட தேதிகள் உள்ளே நுழையாது. நம் ஊர்க் கோப்புகளில் பாதித் தேதி எழுத்தாகத்தான் கிடக்கும், ஆகவே இது மிக உதவும்.

## டேட்டாவியூ மேப்பிங்: எந்த வடிவில் வேண்டும்

ரோல்களுக்குக் கீழே டேட்டாவியூ மேப்பிங்ஸ்: எந்த ரோல் எந்த வடிவில் வந்து சேர வேண்டும் என்று சொல்லும் பகுதி. ஒற்றை எண்ணுக்கு சிங்கிள், வரைபடங்களுக்கு கேட்டகாரிக்கல், குறுக்கும் நெடுக்குமாக அடுக்க மேட்ரிக்ஸ், பட்டியலாக வேண்டும் என்றால் டேபிள். நமக்கு டேபிள். ஒன்றைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்: பக்கத்து வரைபடத்தில் சொடுக்கினால் ஒரு பகுதி மட்டும் பளிச்சென்று மற்றது மங்கும் ஹைலைட் உங்களுக்கு வேண்டும் என்றால் கேட்டகாரிக்கல் அல்லது மேட்ரிக்ஸ்தான். டேபிளில் தரவு வடிகட்டப்பட்டே வரும்.

டேபிளுக்குள் ரோஸ், அதற்குள் செலக்ட், அதற்குள் ரோல்கள் வரிசையாக. ஒவ்வொரு ரோலையும் இரண்டு விதமாக இணைக்கலாம். பைண்ட் டு என்றால் அந்த ரோலில் ஒரே ஒரு பத்தி. ஃபார் இன் என்றால் எத்தனை பத்தி போட்டாலும் எல்லாம் வரும். நம் ஆறு ரோலுக்கும் பைண்ட் டு போதும். கூடவே கண்டிஷன்ஸ் பகுதியில் ஒவ்வொரு ரோலுக்கும் அதிகபட்சம் ஒன்று என்று எழுதிவிடுங்கள். பயனர் இரண்டாவது பத்தியை இழுத்து வந்தால் பவர் பிஐயே தடுத்துவிடும். பயனர் விரும்பியதையெல்லாம் டூல்டிப்பில் (சுட்டியை மேலே வைத்தால் எழும் குறிப்பில்) காட்ட ஏழாவதாக ஒரு ரோல் வைக்க நினைத்தால் அதற்கு ஃபார் இன்.

## ஆயிரம் வரியோடு நின்றுவிடும்

டேட்டா ரிடக்‌ஷன் (எத்தனை வரி வர வேண்டும் என்று சொல்லும் பகுதி) பற்றி எதுவும் எழுதாமல் விட்டால் முதல் 1000 வரிதான் வரும். மழைப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டால் இதன் ஆபத்து புரியும். 18 மழைமானி என்று வையுங்கள். நாளுக்கு 18 வரி. 55 நாளில் 990. ஜனவரி 1-லிருந்து வரிசைப்படுத்தியிருந்தால் பிப்ரவரி 25-ஆம் தேதி பாதியில் தரவு நின்றுபோகும். நமக்கு மழை கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்ட அந்தப் பெருமழை உங்கள் விஷுவலில் வரவே வராது. பார்ப்பவர் "மழை இல்லாத ஆண்டு" என்று எடுத்துக்கொள்வார்.

டாப், பாட்டம், சாம்பிள், விண்டோ என்று நான்கு வழி உண்டு. டாப் முதலிலிருந்து எடுக்கும், பாட்டம் கடைசியிலிருந்து. சாம்பிள் இடையிடையே பொறுக்கி எடுக்கும். அணைக்கும் மழைக்கும் அதைத் தொடவே கூடாது, பெருமழை நாளே விடுபட்டுப் போகலாம். கவுண்ட் என்ற இடத்தில் 30,000 வரை கேட்கலாம். மூன்று அணைக்கு ஓராண்டு என்றால் 1,095 வரி. வெறும் 95 வரி வித்தியாசத்தில் இயல்பான வரம்பு உங்களைக் கவிழ்த்துவிடும். டாப்புக்கு 30,000 என்று எழுதினால் மூன்று அணைக்கு 27 ஆண்டு அடங்கிவிடும்.

அதற்கும் மேல் வேண்டும் என்றால் விண்டோ. ஒரு தடவைக்கு இத்தனை என்று வாங்கி, தரவோடு வரும் மெட்டாடேட்டா குறிப்பில் செக்மென்ட் என்ற குறி (இன்னும் தரவு பாக்கி என்று பொருள்) இருக்கும்வரை ஃபெட்ச் மோர் டேட்டாவைத் திரும்பத் திரும்ப அழைக்க வேண்டும். அதற்கும் எல்லை உண்டு: மொத்தம் 10,48,576 வரி, துண்டுகளைச் சேர்த்தே தரச்சொன்னால் 100 எம்பி நினைவகம். எந்த வழியானாலும், செக்மென்ட் குறி இன்னும் இருக்கிறது என்றால் "தரவு முழுமையாக வரவில்லை" என்று விஷுவலின் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியை நான் எந்த விஷுவலிலும் விடுவதில்லை.

## வந்த தரவை வாங்குவது

விஷுவல் கோப்பில் அப்டேட் என்ற செயல்பாடு தரவு மாறும்போதும் பெட்டியின் அளவு மாறும்போதும் அழைக்கப்படும். அதற்குள் டேட்டாவியூஸ் பட்டியலின் முதல் உறுப்பு, அதற்குள் டேபிள், அதற்குள் காலம்ஸ், ரோஸ். பயனர் இன்னும் எதுவும் போடவில்லை என்றால் இவற்றில் எதுவும் இருக்காது. முதலில் அதைச் சோதித்து, இல்லை என்றால் "நாள், அணை இரண்டையும் போடுங்கள்" என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

ரோஸ் என்பது வெறும் மதிப்புகளின் வரிசை. முதல் மதிப்பு நாள், இரண்டாவது அணை என்று எண்ணிக்கொண்டு சுழியாவது, ஒன்றாவது இடம் என எடுப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தப்பு. பயனர் போடும் விதத்துக்கு ஏற்பப் பத்திகளின் இடம் மாறலாம். பத்தியின் பெயரையும் நம்ப வேண்டாம்; பயனர் பெயரை மாற்றலாம், பவர் பிஐயே முன்னால் "சம் ஆஃப்" சேர்க்கலாம். நம்ப வேண்டியது ஒவ்வொரு பத்தியோடும் வரும் ரோல்ஸ் என்ற குறிப்பை மட்டும். காலம்ஸை ஒரு தடவை சுற்றிவந்து, எந்த ரோல் எத்தனையாவது இடத்தில் என்று ஒரு சிறு அகராதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் நாள், அணை, நீர்மட்டம் என்று பெயருள்ள பொருளாக மாற்றுங்கள். ஒரே பத்தியைப் பயனர் இரண்டு கட்டத்தில் போட்டால் அது ஒரே பத்தியாக, இரண்டு ரோலையும் தாங்கி வரும். அகராதி முறையில் அதுவும் தானாகச் சரியாகும்.

நாள் பத்தியில் ஒரு பொறி. பவர் பிஐ தானாகத் தேதிப் படிநிலை உருவாக்கியிருந்தால், பயனர் தேதியை இழுக்கும்போது ஆண்டு, காலாண்டு, மாதம், நாள் என்று நான்கு பத்தியாக வரும். முன்னால் எழுதிய "அதிகபட்சம் ஒன்று" நிபந்தனை இதையும் தடுக்கும். ஆனால் பயனருக்குக் காரணம் தெரியாது. கட்டத்தில் படிநிலைக்குப் பதில் வெறும் தேதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் குறிப்பு எழுதிவையுங்கள்.

## வெற்றிடமும் சுழியமும்

மழைமானியைப் படிக்காத நாளும் மழையே பெய்யாத நாளும் ஒன்றல்ல. முதலாவது வெற்றிடம், நல் என்று வரும். இரண்டாவது 0. டைப்ஸ்கிரிப்டில் நல்லை எண்ணாக மாற்றினால் 0 ஆகிவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. நாலுமுக்கில் அடைமழையில் யாரும் மானிக்குப் போக முடியாத நாள், உங்கள் படத்தில் வறண்ட நாளாக நிற்கும். ஆகவே எண்ணாக மாற்றும் முன் நல்லா என்று பாருங்கள். நல் என்றால் நல்லாகவே வைத்து, வரையும்போது இடைவெளியாக விடுங்கள்.

இன்னொன்று: ஒரு வரியில் எல்லா மெஷரும் வெற்றிடம் என்றால் பவர் பிஐ அந்த வரியையே அனுப்பாது. பயனர் "தரவில்லாதவற்றையும் காட்டு" என்று தேர்ந்தெடுத்தால்தான் வரும். எனவே நாட்களைத் தொடர்ச்சியாக வரைபவர்கள், அடுத்த வரி அடுத்த நாள்தான் என்று எண்ணிக்கொள்ளாமல் தேதியைப் பார்த்தே இடம் ஒதுக்க வேண்டும்.

நீர்மட்டத்தை முழு உயரத்தால் வகுத்து விழுக்காடாகக் காட்டலாம். 100 அடி என்பது மணிமுத்தாறுக்கு 85, பாபநாசத்துக்கு 70 விழுக்காடு. அருகருகே வைக்கும்போது விவசாயிக்கு இது பயன்படும். ஆனால் அதன் தலைப்பில் "உயரத்தில்" என்று எழுதுங்கள். பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீர் இல்லை, நீர்த்தேக்கத்தின் அடிப்பகுதி குறுகலானது.

## தமிழ்ப் பெயர்கள்

இடம் போதாமல் பெயரை வெட்டும்போது எழுத்து உடையும். "பாபநாசம்" நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு எட்டுக் குறி. முதல் நான்கு குறியை எடுத்தால் "பாபந" என்று நிற்கும். இன்டல் செக்மென்டர் என்று ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் வசதியால் எழுத்து எழுத்தாகப் பிரித்து வெட்டுங்கள். நிரலில் "இன்டல்" என்பதை எழுதும்போது ஐ, என், டி, எல் என்ற நான்கு எழுத்துதான்.

"கொடுமுடியாறு" போன்ற பெயரில் இன்னொரு சிக்கல். "கொ" என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, நிரலுக்கு இரண்டு வேறு அணை. பெயரை அகராதிச் சாவியாக வைக்கும் முன் நார்மலைஸ் செய்து (ஒரே வடிவத்துக்கு மாற்றி) விடுங்கள். முடிந்தால் மூலத் தரவிலேயே திருத்துவது இன்னும் நல்லது.

## சொடுக்கினால் மற்ற விஷுவலும் அசைய

பயனர் ஓர் அணையைச் சொடுக்கினால் பக்கத்து விஷுவல்கள் அதற்கேற்ப மாற வேண்டும். அதற்கு ஒவ்வொரு வரிக்கும் செலக்‌ஷன் ஐடி பில்டரில் வித் டேபிள் என்பதை அழைத்து, டேபிளையும் வரி எண்ணையும் கொடுத்து அடையாளம் உருவாக்குங்கள். இங்கே கொடுக்க வேண்டியது ரோஸில் வந்த மூல வரி எண். நீங்கள் வடிகட்டியோ வரிசை மாற்றியோ வைத்திருந்தால் புதிய எண்ணைக் கொடுக்காதீர்கள். பாபநாசத்தைச் சொடுக்கினால் சேர்வலாறு தேர்வாகும். வரியைப் பொருளாக மாற்றும் அந்த இடத்திலேயே அடையாளத்தையும் செய்து அதோடு ஒட்டிவிட்டால் இந்தப் பிழை வராது.

## சரிபார்ப்பது

கையால் ஒரு சிறு பட்டியல் செய்யுங்கள், 12 வரி போதும். அதில் அச்சு அசலாக ஒத்த இரண்டு வரி, ஒரு வெற்றிட மதிப்பு, ஒரு 0, எல்லாம் வெற்றிடமான ஒரு வரி, விட்டுப்போன ஒரு தேதி, இரண்டு விதமாகத் தட்டெழுதிய கொடுமுடியாறு எல்லாம் இருக்கட்டும். டெவலப்பர் விஷுவலின் மேலே டேட்டாவியூவைக் காட்டும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் நிரலுக்கு முன் தரவு எப்படி வந்து சேர்ந்தது என்று தெரியும். வரி எண்ணிக்கை அங்கேயே குறைந்திருந்தால் தப்பு மேப்பிங்கில். அங்கே சரியாக இருந்து படத்தில் குறைந்தால் தப்பு உங்கள் நிரலில். மண்டிக்காரர் போன் செய்த அன்றிரவு நான் இந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் தூங்கப் போயிருப்பேன்.

பக்கத்தில் பவர் பிஐயின் சாதாரண டேபிள் விஷுவலை வைத்து அதே பத்திகளைப் போட்டு ஒப்பிடுங்கள். அதுவும் ஒத்த வரிகளை ஒன்றாக்கும் என்பதால் அதோடு நிறுத்தாமல் மூலக் கோப்பின் வரி எண்ணிக்கையையும் பாருங்கள். எல்லாம் பொருந்தினால் பிபிஐவிஸ் பேக்கேஜ் கொடுத்து, வரும் கோப்பை ரிப்போர்ட்டில் இம்போர்ட் செய்யலாம். அந்த 12 வரிப் பட்டியலை விஷுவலின் கோப்புறைக்குள்ளேயே போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது ஒரு ரோலைக் கூட்டச் சொல்லும்போது முதலில் அதைத்தான் திறப்பீர்கள்.